கிழங்கு தூங்கும் பதினான்கு வாரம்: மரத்தடி ஸ்னோடிராப்பும் களையும்

தெற்கு இங்கிலாந்தில் கிராமத்து வீட்டுத் தோட்டங்களின் கடைக்கோடியில் ஒரே மாதிரியான மூலை ஒன்று இருக்கும். பெரிய ஓக் மரம், பக்கத்தில் மூன்று நான்கு ஹேசல் புதர்கள், பின்னால் ஐவிக்கொடி படர்ந்த கல்சுவர். எப்போதோ யாரோ நட்ட ஸ்னோடிராப் என்ற வெள்ளைப்பூச் செடி ஐந்தாறு திட்டுகளாக அங்கங்கே நெருக்கியடித்து நிற்கும். மிச்ச இடம் பெரும்பாலும் கிரவுண்ட் எல்டர் (சுருக்கமாக எல்டர்) என்ற களை. இந்த ஆய்வுக்கு அப்படியொரு மூலையை மாதிரியாக வைத்துக்கொள்கிறோம். நீளம் 12 மீட்டர், அகலம் 5 மீட்டர், மொத்தம் 60 சதுர மீட்டர். இது குறிப்பிட்ட ஒருவரின் தோட்டம் அல்ல. ஆனால் இப்படி ஓரிடத்தில் கைவைப்பவருக்கு வரும் சிக்கல் எல்லாம் இதில் உண்டு. புதிதாகக் கிழங்கு வாங்காமல், இருக்கிற திட்டுகளைக் கொண்டே மரத்தடியை நிரப்ப வேண்டும். பிறகு அது தானாகப் பரவ வேண்டும். அதுதான் இலக்கு.

ஸ்னோடிராப்புக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வைத்த பெயர் கலாந்தஸ் நிவாலிஸ். கலாந்தஸ் என்றால் கிரேக்கத்தில் பால்பூ. பிரனீஸ் மலையிலிருந்து உக்ரைன் வரை இயல்பாக வளரும் செடி, பிரிட்டனுக்கு வந்தேறி. அங்கே காட்டில் தானாக வளர்வதாக முதலில் பதிவானது 1770-களில்தான். இன்று அதில்லாத பழைய தேவாலய வளாகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அவ்வளவு பரவிய செடி வீட்டுத் தோட்டத்தில் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் காரணம் களை எடுத்த நாள்தான். களையின் மீது பழி போடுவது வழக்கம். தப்பான மாதத்தில் இறங்கிய மண்வெட்டி அதைவிட அதிகக் கிழங்கைக் கொன்றிருக்கிறது.

அதனால் முதலில் செடியின் ஆண்டுக் கணக்கு. செப்டம்பரில் மண்ணுக்குள் புது வேர் விடும்; மேலே ஒன்றும் தெரியாது. டிசம்பர் கடைசியில் அல்லது ஜனவரியில் முளை மூக்கு எட்டிப்பார்க்கும். மூக்கின் நுனி தடித்து உறுதியாக இருக்கும், உறைந்த மண்ணையும் இலைச்சருகையும் துளைத்துக்கொண்டு வரும். பிப்ரவரியில் பூ. மார்ச் முதல் மே வரை பூ இல்லை, ஆனால் உண்மையான உழைப்பு அப்போதுதான்: ஓக் இலை விடும் முன் கிடைக்கிற வெயிலை எல்லாம் அந்த ஒல்லி இலைகள் வாங்கி அடுத்த ஆண்டுக்கான கிழங்கைப் பருக்க வைக்கும். மே கடைசியில் இலை மஞ்சளாகிப் படுத்துவிடும். ஜூன் 20 வாக்கில் நிலத்துக்கு மேல் ஒன்றும் இருக்காது. அன்றிலிருந்து செப்டம்பர் கடைசி வாரம் வரை ஏறத்தாழ 14 வாரம். கனமான வேலை எதுவானாலும் அந்தப் பதினான்கு வாரத்துக்குள் முடிய வேண்டும்.

எந்தக் களை எதிரி

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மூலையைப் பார்த்தால் பாதிக் களை எதிரியே அல்ல என்று தெரியும். ஜூலையில் இடுப்புயரம் நிற்கும் நெட்டில் பார்க்கப் பயமாக இருக்கும். காஞ்சொறியைப் போலச் சுணைக்கும். ஆனால் அது உயரும்போது ஸ்னோடிராப் உறங்கப் போய்விடுகிறது. ஜூன் கடைசியிலும் ஆகஸ்டிலும் இருமுறை அறுத்துவிட்டால் போதும், வேரோடு பிடுங்கியாக வேண்டும் என்பதில்லை.

ஜனவரி முதல் மே வரை பசுமையாக இருப்பவைதான் எதிரி. தரையில் பாய்போல விரிந்த ஐவி, குளிர்காலத்திலும் இலை உதிர்க்காத பிராம்பிள் முட்கொடி, குத்துக்குத்தாக நிற்கும் புல், தவழ்ந்து பரவும் பட்டர்கப், குளிர்காலம் முழுக்கத் தட்டையாக இலை விரித்திருக்கும் கௌ பார்ஸ்லி. ஸ்னோடிராப்புக்கு வரவேண்டிய வெயிலை இவைதான் தின்கின்றன.

கிரவுண்ட் எல்டர் இரண்டு பக்கமும் சேராது. மார்ச்சில் துளிர்க்கும், ஏப்ரல் நடுவில் ஸ்னோடிராப் இலைக்கு மேலே குடை விரிக்கும். கடைசி ஆறு வாரம் இரண்டும் ஒரே இடத்தில் போட்டி போடும். அதைவிடப் பெரிய சிக்கல் மண்ணுக்குள். அதன் வெள்ளை மட்டத்தண்டு பெரும்பாலும் மேல்மண் 15 செ.மீ.க்குள்ளேயே ஓடும், ஸ்னோடிராப் கிழங்கு இருப்பது 7 முதல் 10 செ.மீ. ஆழத்தில். ஒன்றைத் தோண்டாமல் மற்றொன்றை எடுக்க முடியாது. தோண்டினாலோ, ஒரு கணு ஒட்டிய சின்னத் துண்டுகூட மறுபடி செடியாகும். கோரையைக் கொத்தினால் கோரை பெருகுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போதாததற்கு, ஓக்கின் உணவு உறிஞ்சும் மெல்லிய வேர்களும் அந்த மேல்மண்ணில்தான். எனவே மரத்தடியில் 'நன்றாகக் கிளறிச் சுத்தம் செய்வது' என்ற பேச்சுக்கே இடமில்லை.

லெஸ்ஸர் செலண்டைன் தனி வகை. ஜனவரியில் இலை, மார்ச்சில் பளபளக்கும் மஞ்சள் பூ, மே முடிவதற்குள் மாயம். ஸ்னோடிராப்பின் ஆண்டுக் கணக்கேதான் அதற்கும். ஆகவே நம் பதினான்கு வாரத்தில் அதுவும் தூங்கும். எந்தக் களைக்கொல்லி மருந்தும் அதன் மேல் படாது. எங்கள் கருத்து: விட்டுவிடுங்கள். தரையோடு தரையாக இருக்கும், ஸ்னோடிராப்பை மூடாது, வெள்ளைக்குப் பின் மஞ்சள் வருவது அழகும்கூட. இலைக் கக்கத்தில் சிறு குமிழ் வைக்கும் வகை மட்டும் வேகமாகப் பெருகும். அதையும் விலையுயர்ந்த ரகங்களின் பக்கத்தில் மட்டும் கையால் எடுத்தால் போதும்.

முதல் கோடை

60 சதுர மீட்டரையும் ஒரே ஆண்டில் பிடிக்கப் பார்ப்பவர்கள் இரண்டாம் ஆண்டு கைவிட்டுவிடுவார்கள். இடத்தை மூன்றாகப் பிரிக்கிறோம். ஹேசலடியில் 12 சதுர மீட்டர் முதல் பாத்தி. எல்டர் அடர்ந்த 30 சதுர மீட்டர் இரண்டாவது. சுவரோரம் ஐவியும் புல்லுமான 18 சதுர மீட்டர் மூன்றாவது. பழைய திட்டுகள் எங்கெங்கே என்று பிப்ரவரியிலேயே மூங்கில் குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட வேண்டும். ஜூலையில் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு யோசிப்பதில் பயனில்லை.

ஜூன் கடைசி வாரத்தில் முதல் பாத்தியைத் தரையோடு அறுத்து, அறுத்ததை வாரி வெளியே போடுகிறோம். ஸ்னோடிராப் இலை மக்கிய இடத்தில் கிழங்கு வரை இறங்கும் சின்னத் துளை இருக்கும். வாருகோலால் மேல்மண்ணை இழுத்து அதை மூட வேண்டும். மருந்து அந்த வழியாகக் கிழங்கின் கழுத்துக்கு இறங்கக் கூடாது. ஆகஸ்ட் தொடக்கத்தில் எல்டர் மறுபடி துளிர்த்து ஒரு சாண் உயரம் இருக்கும். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி அடிப்பதானால் அப்போது. அளவு புட்டியின் லேபிளில் போட்டிருப்பதுதான், ஒரு மூடி கூடுதலாக ஊற்றினால் இலை சீக்கிரம் கருகி மருந்து தண்டுக்கு இறங்காமல் போகும். காற்றில்லாத உலர்ந்த நாள், பெரிய துளி, அடுத்த ஆறு மணி நேரம் மழை கூடாது. ஹேசலின் அடியில் கிளம்பும் இளங்குருத்தில் பட்டால் புதருக்கே கேடு. ஒரு அட்டையை மறைப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரம் தொடக் கூடாது. செப்டம்பர் நடுவில் தப்பிய துளிருக்கு இன்னொரு முறை. அதோடு கதவு மூடிவிட்டது. அக்டோபரில் ஆசைப்படக் கூடாது.

கிளைஃபோசேட் மண்ணில் ஒட்டிச் செயலற்றுப் போகும், பச்சை இலை வழியாகத்தான் கொல்லும். உறங்கும் கிழங்கு தப்புவது அதனால்தான். பச்சை இலையோடு இருக்கும் ஸ்னோடிராப்பின் மேல் ஒரு தூறல் பட்டாலும் அதே காரணத்தால் கிழங்குக்கு இறங்கிவிடும். அந்த ஆண்டு ஒன்றும் தெரியாது. அடுத்த ஆண்டு இலை மெலிந்து, முறுக்கி, வெளிறி, பூவில்லாமல் வரும். பலர் அதை நோய் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மருந்து வேண்டாம் என்பவர்களுக்கும், அதற்கு அனுமதி இல்லாத நாட்டில் இருப்பவர்களுக்கும் வேறு வழி உண்டு. (பிரான்ஸில் 2019 ஜனவரி 1 முதல் வீட்டுத் தோட்டக்காரர் கிளைஃபோசேட் வாங்க முடியாது.) நிழல் தாங்கும் ஃபெஸ்க்யூ புல்லை விதைத்து, ஜூன் கடைசி முதல் அக்டோபர் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை புல்வெட்டி ஓட்டுவது. தொடர்ந்து வெட்டுப்பட்டால் எல்டர் இளைத்துக்கொண்டே போகும். மூன்று ஆண்டு பிடிக்கும், முற்றாகவும் ஒழியாது. ஆனால் மெல்லிய புல்லுக்குள் ஸ்னோடிராப் நன்றாக வரும், பார்க்கவும் இயல்பாக இருக்கும். ஓக்கின் தாழ்ந்த கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட்டால்தான் புல் பிடிக்கும்.

அக்டோபரில் முதல் பாத்தியில் முளைத்திருக்கும் கிளீவர்ஸ், பிட்டர்கிரெஸ் களை நாற்றுகளைக் கையால் பறித்துவிட்டு, இலைமக்கு 3 முதல் 5 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் போடுகிறோம். அதற்கு மேல் கனம் வேண்டாம். மூக்கு துளைத்துவிடும்தான், ஆனால் ஈரம் தேங்கினால் சாம்பல் பூசணம் வரும்.

மார்ச்: வாளியில் நடக்கும் வேலை

பூ வாடி இலை பச்சையாக இருக்கும்போதே பெயர்த்து நடுவதைத் தோட்டக்காரர்கள் 'பச்சையோடு நடுவது' என்பார்கள். ஸ்னோடிராப் கிழங்குக்குத் தடித்த மேல்தோல் இல்லை. காற்றில் கிடந்தால் சீக்கிரம் சுருங்கிவிடும். இலையுதிர்காலத்தில் கடையில் பையில் விற்கும் உலர்ந்த கிழங்கு பலருக்கு ஏமாற்றம் தருவது இதனால்தான். அதைத்தான் வாங்கியாக வேண்டுமென்றால் செப்டம்பரில் வந்தவுடன் வாங்கி அன்றே நட வேண்டும்.

மார்ச் முதல் வாரத்தில் இரண்டாம், மூன்றாம் பாத்திகளில் அடையாளம் வைத்த திட்டுகளை ஃபோர்க்கால் சுற்றிலும் ஒரு சாண் தள்ளிக் குத்தி மண்ணோடு கிளப்புகிறோம். பழைய திட்டில் கிழங்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கீழே இருப்பவை நசுங்கிக் கிடக்கும்; இலை மண்டி, பூ மட்டும் குறைவாக வருவது இதன் அறிகுறி. நல்ல திட்டு ஒன்றில் 60 முதல் 100 கிழங்கு எதிர்பார்க்கலாம். ஆறு திட்டு என்றால் கிட்டத்தட்ட 400.

அப்படியே கொண்டுபோய் நட்டால் சுத்தம் செய்த பாத்திக்கு எல்டரையும் சேர்த்துக் குடியேற்றுகிறோம் என்று அர்த்தம். திட்டை வாளித் தண்ணீரில் முக்கி மண்ணைக் கரைக்க வேண்டும். ஸ்னோடிராப்பின் வேர் நூல்போல வெள்ளையாக, கிளையில்லாமல் கிழங்கின் அடியிலிருந்து மட்டும் இறங்கும். எல்டர் தண்டும் வெள்ளைதான், ஆனால் ஷூ லேஸ் கனம் இருக்கும், இடையிடையே கணு இருக்கும், கிழங்குகளுக்கு நடுவே புகுந்து பின்னிக்கொண்டு போகும். சந்தேகமானால் ஒடித்து முகர்ந்து பாருங்கள்: செலரி, கேரட் இலை போன்ற வாசனை அடித்தால் எல்டர். ஒவ்வொரு கிழங்காகப் பிரித்து, கணு ஒன்றுகூட ஒட்டவில்லை என்று பார்த்தபிறகே ஈரச்சாக்கில் வைக்க வேண்டும். 400 கிழங்குக்கு ஒரு முழு நாள் போகும். இந்த ஒரு நாளைக் குறைத்தவர்கள் பிறகு ஐந்து ஆண்டு களை எடுப்பார்கள். கையுறை அவசியம், கிழங்கில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது, சிறு வெங்காயம் என்று யாரும் எடுத்துவிடாதபடி பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

இன்னொரு சோதனையும் அப்போதே. இலையைக் கசக்கினால் பூண்டு வாசனை வந்தால் அது ஸ்னோடிராப் அல்ல. ஃபியூ-ஃபிளவர்ட் லீக், த்ரீ-கார்னர்ட் லீக் என்ற இரண்டு வெள்ளைப் பூ வெங்காய இனங்கள் ஸ்னோடிராப் கட்டுகளோடு கலந்து வந்துவிடும். முன்னது பூத்தலையிலேயே குட்டிக் குமிழ்களை வைத்து உதிர்க்கும். நுழைந்துவிட்டால் அது ஸ்னோடிராப்பையே மூழ்கடிக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இரண்டுமே 1981-ஆம் ஆண்டு வனவுயிர், ஊரகச் சட்டத்தின் 9-ஆவது அட்டவணையில் இருப்பவை. காட்டுவெளியில் பரவவிடுவது குற்றம். குப்பைமேட்டில் போடாமல், பையில் கட்டி உள்ளாட்சி சொல்லும் முறையில் அகற்ற வேண்டும். அதே சட்டம், நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் காட்டிலிருந்து எந்தச் செடியையும் வேரோடு எடுப்பதையும் தடுக்கிறது என்பதை ஸ்னோடிராப் ஆசைக்காரர்கள் நினைவில் வைப்பது நல்லது.

நடும்போது மூன்று மூன்று கிழங்காக, குழுவுக்குக் குழு ஒரு அடி தள்ளி. சதுர மீட்டருக்கு 11 குழு என்றால் 400 கிழங்கு 12 சதுர மீட்டருக்குச் சரியாக வரும். அளவுகோல் வைத்து வரிசையாக நட்டால் முட்டைக்கோஸ் பாத்தி போலிருக்கும். சராசரி ஒரு அடி வந்தால் போதும். இலைக்காம்பில் வெள்ளை மாறிப் பச்சையாகும் கோடு மண்மட்டத்தில் இருக்க வேண்டும். அதுதான் முன்பிருந்த ஆழம். மரத்தின் தடித்த வேர் தட்டுப்பட்டால் வெட்டாமல் நகர்ந்து நட வேண்டும். ஹேசலுக்கு நெருக்கமாகப் போகலாம், ஓக்கின் அடிமரத்திலிருந்து ஒரு மீட்டர் விட வேண்டும். நட்டவுடன் தண்ணீர், மழை பெய்தாலும்கூட. ஏப்ரல் வறண்டால் வாரம் ஒருமுறை. இலை சற்றுத் துவண்டு படுக்கும், பயப்பட வேண்டாம்.

மர வகையைப் பற்றி ஒரு வார்த்தை. பீச் மரத்தடியில் ஒன்றும் வராது என்று சொல்வார்கள். அடர்ந்த நிழலும் வறண்ட மண்ணும் அதற்குக் காரணம். ஆனால் பெர்க்‌ஷயரின் வெல்ஃபோர்ட் பார்க்கில் புகழ்பெற்ற ஸ்னோடிராப் பரப்பு இருப்பதே பீச் காட்டில்தான். பீச் இலை விடுவது ஏப்ரல் பிற்பகுதியில், அருகே லேம்போர்ன் ஆறு ஓடுகிறது. நிழலைவிட வசந்தகால ஈரம்தான் முடிவு செய்கிறது என்பதே எங்கள் வாசிப்பு. ஊசியிலை மரத்தடியை மட்டும் தவிர்க்கலாம். ஹார்ஸ் செஸ்ட்நட் போன்ற பெரிய இலை மரமானால் டிசம்பர் தொடக்கத்திலேயே சருகை வாரிப் பொடித்துத் திரும்பப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஈரப்பாயாக ஒட்டிக்கொள்ளும்.

மற்ற இரண்டு பாத்திகள்

திட்டுகளை எடுத்து முடித்த அதே மார்ச்சில், எல்டர் இலை விரிக்கும் முன், இரண்டாம் பாத்தியைக் கறுப்பு நெய்த விரிப்பால் மூடிவிடுகிறோம். பிளாஸ்டிக் தாள் வேண்டாம். ஓக்கின் வேருக்குத் தண்ணீரும் காற்றும் போக வேண்டும். ஓரம் 10 செ.மீ. மண்ணுக்குள் செருகி, முளையடித்து, மேலே மரச்செதில் போடலாம். இரண்டு முழு வளர்பருவம் இப்படியே இருக்க வேண்டும். ஓராண்டில் திறந்து பார்த்தால் வெளிறிய தண்டுகள் இன்னும் உயிரோடு சுருண்டு கிடக்கும். மறுபடி மூட வேண்டியதுதான். முதல் கோடையிலிருந்து எண்ணினால் மூன்றாம் இலையுதிர்காலத்தில் விரிப்பை எடுத்து, இலைமக்கு போட்டு, அடுத்த மார்ச்சிலிருந்து, முதல் பாத்தியில் பெருகப் பெருகப் பிரித்த கிழங்கை இங்கே சிறிது சிறிதாக நடுகிறோம். நல்ல நிலத்தில் மூன்று நான்கு ஆண்டில் ஒரு கிழங்கு சிறு கொத்தாகிவிடும் என்பதால் சரக்குக்குப் பஞ்சம் வராது.

பக்கத்து வேலியிலிருந்து எல்டர் திரும்ப வரும். மரவேரை அறுத்துத் தடுப்புச்சுவர் இறக்குவதைவிட, எல்லையோரம் அரை மீட்டர் பட்டையைப் புல்லாக விட்டு விடாமல் வெட்டுவது எளிது.

ஐவி மருந்துக்கு மசியாது, மெழுகுப் பூச்சு இலையில் துளி வழிந்தோடிவிடும். செப்டம்பரில் முதல் நல்ல மழைக்குப் பிறகு கையால் இழுத்துச் சுருட்டினால் பாய்போல வரும். மரத்தில் ஏறிய ஐவியைத் தொட வேண்டியதில்லை, தரையில் கிடப்பதுதான் நமக்குக் கேடு. புல்லை நவம்பர் கடைசியில் மூன்று நான்கு செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிட்டால் பிப்ரவரியில் பூ புல்லுக்குள் மறையாது. அடுத்த வெட்டு ஜூன் கடைசியில். ஏப்ரலில் அசிங்கமாக இருக்கிறது என்று இலையோடு சேர்த்து வெட்டினால் அடுத்த ஆண்டுப் பூவை வெட்டியதாக எண்ணிக்கொள்ளலாம்.

இத்தாலிய ஏரம் என்ற கிழங்குச் செடி பற்றி எச்சரிக்கை தேவை. வெள்ளை நரம்போடிய இலைக்காக ஸ்னோடிராப்புக்குத் துணையாக நடுகிறார்கள். இலையுதிர்காலத்திலேயே இலை விட்டு மே வரை நிற்கும், பறவைகள் விதையைக் கொண்டுபோய்த் திட்டின் நடுவில் போடும், கிழங்கோ ஆழத்துக்கு இறங்கிவிடும். ஓரிலை நாற்றாக இருக்கும்போதே ஒல்லி மண்வெட்டியால் அடியோடு நெம்பி எடுக்காவிட்டால் பிறகு திட்டையே கலைக்க வேண்டியிருக்கும்.

நோய்களில் முக்கியமானது சாம்பல் பூசணம். ஜனவரியில் மூக்கு சாம்பல் நிறப் பஞ்சு பூசி, வளராமல் நின்றுவிடும். அந்தக் கொத்தைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்த வேண்டும், உரக்குழிக்குப் போகக் கூடாது. நார்சிசஸ் ஈயின் புழு கிழங்கைக் குடையும். வெயில் படும் இடத்தில்தான் அதிகம், மரநிழலில் குறைவு.

நாலாம் ஆண்டுக்குப் பின்

இதுவரை பரவியது கிழங்கைப் பிரித்துப் பிரித்து நாம் நட்டதால். தானாகப் பரவ விதை வேண்டும். இரட்டைப் பூ ரகமான ஃப்ளோர் ப்ளீனோ கிழங்கால் வேகமாகப் பெருகும், விதை மட்டும் பிடிக்காது. ஒற்றைப் பூ கட்டாயம் வேண்டும். பிப்ரவரியில் பத்து டிகிரி தாண்டிய வெயில் நாளில் தேனீ வந்தால் மே மாதம் பச்சைக் காய் பருத்துக் காம்போடு தரையில் சாயும். ஒவ்வொரு விதைக்கும் எண்ணெய்ச்சத்துள்ள சிறு வால் உண்டு; எறும்பு அதற்காகவே விதையைத் தூக்கிச் சென்று, வாலைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடும். ஜூன் வரை புல்வெட்டியை நிறுத்தி வைப்பதற்கு இது இரண்டாவது காரணம்.

அடுத்த வசந்தத்தில் அந்த விதை ஒரே ஒரு நூலிலையாக முளைக்கும், பார்வைக்கு இளம்புல் போலவே இருக்கும். பூக்க மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். களை என்று நினைத்து விரல் முதலில் பறிப்பது அதைத்தான். எனவே காய் சாய்ந்த இடத்தைச் சுற்றி இரண்டு அடி பட்டையில், ஜனவரி முதல் ஜூன் வரை, கையாலும் களை எடுப்பதில்லை.